தோளில் குடியிருக்கும் தலைத்தசை: கழுத்துத் தசைகளும் தோள் தசைகளும் முளையத்தில் எங்கிருந்து வருகின்றன?

நான் கொக்குவிலில் பிசியோவாக இருக்கிறேன். கழுத்துநோ, தோள்நோ என்று வருகிறவர்கள் கேட்டவை, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் கேட்டவை, இரண்டையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். முளையவியல் சொற்களை எங்கள் பாடநூல்களில் உள்ளபடியே வைத்திருக்கிறேன். தசைகளின் பெயர்களை மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்கிற மாதிரியே விட்டுவிட்டேன்.

கழுத்துத் தசையும் தோள் தசையும் ஒரே இடத்திலிருந்துதானே வருகின்றன?

இல்லை. வலது கையைத் தூக்கி இடது தோளில் போடுங்கள். உள்ளங்கையின் கீழே, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் தடிப்பாக இருப்பது ட்ரபீசியஸ். அதை ஊடுருவி ஆழமாக அழுத்தினால் விரல்நுனியில் கயிறுபோல ஒன்று தட்டுப்படும், அது லெவேட்டர் ஸ்கப்புலே. கையை வெளிப்பக்கம் நகர்த்தித் தோளின் உருண்டையைப் பிடித்தால் டெல்டொயிட். ஒரு சாண் இடத்துக்குள் மூன்று தசை. மூன்றும் முளையத்தில் மூன்று விதமாக வந்தவை. லெவேட்டர் ஸ்கப்புலே முள்ளந்தண்டின் பக்கத்திலேயே பிறந்து அதிகம் அலையாமல் வளர்ந்தது. டெல்டொயிட்டின் மூலக்கலங்கள் முள்ளந்தண்டோரம் பிறந்து, கை முளைக்கிற இடத்துக்கு ஊர்ந்து போய்த் தசையானவை. ட்ரபீசியஸ் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராது. அது தலையின் உறவு.

முள்ளந்தண்டோரம் பிறப்பது என்றால்?

கருத்தரித்து ஏறக்குறைய 20ஆம் நாளில், நரம்புக் குழாயின் (பிறகு மூளையும் முண்ணாணும் ஆகும் குழாய்) இரு கரையிலும் உள்ள இடைத்தோற்படை, அதாவது முளையத்தின் மூன்று படைகளில் நடுப்படை, துண்டு துண்டாகக் கட்டியாகத் தொடங்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு சோமைட். தலைப்பக்கம் தொடங்கி வால்பக்கமாக, கோத்த மணிபோல் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐந்தாம் வாரம் முடிய 42 முதல் 44 சோடி இருக்கும். பிடரி மட்டத்தில் 4, கழுத்தில் 8, நெஞ்சில் 12, பிறகு இடுப்பு, திருவெலும்பு, வால் என்று கணக்குப் போகும்.

ஒவ்வொரு சோமைட்டிலும் ஒரு பகுதி எலும்பாகும், ஒரு பகுதி தசையாகும், ஒரு பகுதி முதுகுத் தோலின் உட்படையாகும். கழுத்தின் பின்னால் தலையை நிமிர்த்தி வைத்திருக்கும் ஆழத்துத் தசைகளும், பக்கவாட்டில் உள்ள ஸ்கேலீன் தசைகளும் இப்படி வந்தவை. பிடரி மட்டத்துச் சோமைட்டுகளின் தசைக்கலங்கள் முன்னால் போய் நாக்காகின்றன. சாப்பிடுகிற, கதைக்கிற நாக்கு பிடரியில் புறப்பட்டது என்றால் முதலில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

டெல்டொயிட் எப்படிக் கைக்குப் போகிறது?

26ஆம் நாளளவில் முளையத்தின் பக்கத்தில், கீழ்க்கழுத்து மட்டத்தில், சின்னக் கரண்டிபோல் ஒரு புடைப்பு தெரியும். அதுதான் கை. எலும்பும் தசைநாணும் அந்தப் புடைப்பிலேயே உருவாகின்றன, தசை அங்கே பிறப்பதில்லை. பக்கத்துச் சோமைட்டுகளின் ஓரத்திலிருந்து கலங்கள் தனித்தனியாகக் கழன்று புடைப்புக்குள் நுழைகின்றன. பேக்ஸ்3 என்ற மரபணு இல்லாத எலி முளையத்தில் இந்தப் பயணம் நடப்பதில்லை. கால், கை இரண்டும் தசையில்லாமல் வெறும் எலும்பும் தோலுமாக வளரும்.

நெஞ்சுத் தசையான பெக்டொரலிஸும் முதுகின் அகன்ற லட்டிசிமஸும் இன்னும் சுற்றுவழி. அவை முதலில் கைக்குள் போய், பிறகு திரும்பி உடம்புக்கு வந்து நெஞ்சிலும் முதுகிலும் பரவுகின்றன. ஆகவே நெஞ்சில் இருந்தாலும் பெக்டொரலிஸ் கைத்தசைதான்.

ட்ரபீசியஸுக்கு மட்டும் ஏன் தனிக்கதை?

அதனுடைய நரம்பைப் பார்த்தால் விளங்கும். தோளையும் கையையும் அசைக்கிற மற்றத் தசைகளுக்கெல்லாம் பெரும்பாலும் கழுத்தின் முண்ணாண் நரம்புகளிலிருந்தே, அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டின் கிளைகளிலிருந்தே, கட்டளை போகிறது. ட்ரபீசியஸுக்கும், காதின் பின்னாலிருந்து நெஞ்சு எலும்புவரை சரிவாக இறங்கும் ஸ்டெர்னோமஸ்டொயிட்டுக்கும் கட்டளை கொடுப்பது பதினோராவது மண்டை நரம்பு.

இந்த நரம்பின் வழி வேடிக்கையானது. அதன் வேர்கள் கழுத்தின் மேற்பகுதி முண்ணாணில் புறப்படுகின்றன. அங்கிருந்து நேரே தோளுக்கு வந்தால் வேலை முடிந்துவிடும். அப்படி வராமல் முதலில் மேலே ஏறி, மண்டையோட்டின் அடித்துளை வழியாக உள்ளே போய், இன்னொரு துளையால் வெளியே வந்து, கழுத்து வழியாகத் தோளுக்கு இறங்குகிறது. யாழ்ப்பாணத்து அலுவலுக்குக் கொழும்புக்குப் போய் ஒரு முத்திரை குத்திக்கொண்டு திரும்புகிற மாதிரி. பழைய உடற்கூற்றியலாளர்கள் இதைப் பார்த்தே இந்த இரண்டு தசைக்கும் தொண்டை வில்லோடு, அதாவது மீனில் செவுளாகும் பகுதியோடு, ஏதோ தொடர்பு இருக்கவேண்டும் என்று சந்தேகப்பட்டார்கள்.

நரம்பை வைத்துத் தசையின் பிறப்பிடத்தைச் சொல்லலாமா?

பெரும்பாலும் சொல்லலாம். எங்கள் ஆட்கள் ஸ்காபரோவில் வீடு வாங்கி முப்பது வருடம் இருந்தாலும் “சொந்த ஊர் எது?” என்றால் கரவெட்டி, வேலணை என்றுதான் சொல்வார்கள். தசையும் அப்படித்தான். எவ்வளவு தூரம் போனாலும் பிறந்த இடத்து நரம்பைக் கையில் பிடித்துக்கொண்டே போகும்.

இதற்கு நல்ல உதாரணம் பிரிமென்றகடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற மூச்சுத் தசை. நான்காம் வாரத்தில் அதன் முதல் அமைப்பு கழுத்து மட்டத்தில் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் வளர வளர அது கீழே போகிறது. நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்தே வருவதால், வளர்ந்த மனிதரில் அது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் நீளம். அதனால்தான் பித்தப்பை அழன்றோ வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தோ பிரிமென்றகட்டை உறுத்தினால், நோ தோள்நுனியில் தெரியும். தோளை அசைத்துப் பார்த்தும் நோ கூடாமல் குறையாமல் இருந்து, கூடவே வயிற்றுநோ, காய்ச்சல், தலைச்சுற்று இருந்தால் பிசியோவிடம் வரவேண்டாம், உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள் உண்டா?

மனித முளையத்தில் கலத்துக்கு அடையாளம் போட்டுப் பின்தொடர முடியாது, செய்யவும் கூடாது. கோழி, எலி போன்றவற்றில் செய்துதான் அறிந்தார்கள். 1969இல் பிரான்ஸில் நிக்கோல் லெ டுவாரின் ஓர் அருமையான வழியைக் காட்டினார். காடை முளையத்தின் ஒரு சிறு துண்டை வெட்டிக் கோழி முளையத்தில் அதே இடத்தில் ஒட்டுவது. காடைக் கலத்தின் கருவில் சாயம் பிடிக்கும் ஒரு திரட்சி உண்டு, கோழியில் அப்படிக் கிடையாது. முட்டைக்குள் வளர்ந்தபின் வெட்டிப் பார்த்தால் எந்தக் கலம் காடையின் வாரிசு என்று நுணுக்குக்காட்டியில் தெரியும். கைத்தசை சோமைட்டிலிருந்து வருகிறது என்பதை 1970களில் உறுதிப்படுத்தியது இந்த ஒட்டுமுறைதான்.

எலியில் வெட்டி ஒட்டத் தேவையில்லை. குறிப்பிட்ட மரபணு வேலைசெய்த கலத்துக்கும் அதன் பிள்ளைகளுக்கும் நிரந்தரமாக நிறம் ஏறும்படி மாற்றிவிடுகிறார்கள். நிறம் போன வழி கலம் போன வழி.

நரம்பு முகடு என்றால் என்ன? தோளோடு அதற்கு என்ன சம்பந்தம்?

நரம்புக் குழாய் மூடுகிற விளிம்பில், முளையத்தின் மேற்படையாகிய புறத்தோற்படையிலிருந்து கழன்று அலைகிற கலக்கூட்டம் நரம்பு முகடு. முகத்து எலும்பு, பல்லின் தந்தினி, தோலின் நிறக்கலம், குடலின் நரம்பு எல்லாம் இதன் பிள்ளைகள். முகத்தோடு இதன் எலும்பு வேலை முடிந்துவிடும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள்.

2005இல் மட்சுவோகா, ஆல்பெர்க், கொன்ட்கெஸ் என்பவர்களின் ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. நிறமேற்றிய எலிகளில் நரம்பு முகட்டுக் கலங்களைத் தோள்வரை பின்தொடர்ந்தார்கள். காறை எலும்பிலும் தோள்பட்டை எலும்பின் முதுகுவரம்பிலும் ட்ரபீசியஸ் வந்து பற்றுகிற இடங்களில் அந்த நிறம் தெரிந்தது. அவர்கள் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஒரு எலும்பின் கலங்கள் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தன என்பதை, அது எந்த முறையில் எலும்பாகிறது என்பதைவிட, அதில் எந்தத் தசை பற்றுகிறது என்பதுதான் காட்டும். தலைத்தசை பற்றும் புள்ளியில் தசையைக் கட்டிவைத்திருக்கும் இணைப்பிழையமும் எலும்பும் ஒரே கூட்டத்தின் வாரிசுகள். ஒரே எலும்புக்குள்ளும் இரண்டு கூட்டம் எல்லைபோட்டு இருக்கலாம். வேலியோரத்துப் பூவரசை யாருடைய காணி என்று கேட்கிற மாதிரியான கேள்வி.

எனக்குப் பிடித்த விளக்கம் அது. பிடித்திருக்கிறது என்பதற்காக முடிந்த விஷயம் என்று சொல்லமாட்டேன். 2012இல் அக்ஸலோட்டல் என்ற நீர்வாழ் பல்லியுருவில் ஒட்டுமுறையால் பார்த்தபோது தோளில் நரம்பு முகட்டின் பங்கைக் காணவில்லை. 2018இல் எலிக் கழுத்தை முப்பரிமாணமாக வரைந்த இன்னொரு குழு, நரம்பு முகட்டின் எல்லையை வேறு இடத்தில் கீறியது.

அப்போ ட்ரபீசியஸின் தசைக்கலங்கள் எங்கிருந்து? அதுவும் நரம்பு முகடா?

இல்லை, இதைத்தான் பிள்ளைகள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். நரம்பு முகடு என்று சண்டை போடுவது இணைப்பிழையத்துக்கும் பற்றும் இடத்துக்கும். ட்ரபீசியஸின் சுருங்கும் தசையிழை இடைத்தோற்படைதான். இடைத்தோற்படையில் எந்தப் பகுதி என்பது வேறு சண்டை.

2010இல் கோழியில் செய்த ஆய்வு, பிடரி மட்டத்தில் முதல் மூன்று சோமைட்டுகளுக்கு வெளிப்புறம் உள்ள பக்கத்தட்டு இடைத்தோற்படையே மூலம் என்றது. 2015இல் எலியில் ஒற்றைக் கலங்களின் வம்சத்தைத் தேடியபோது இன்னொரு திருப்பம் வந்தது. ட்ரபீசியஸுக்கும் ஸ்டெர்னோமஸ்டொயிட்டுக்கும், இதயத் தசையின் ஒரு பகுதிக்கும் ஒரே மூதாதைக் கலம் இருந்தது. 2018இல் மேலே சொன்ன குழு, பக்கத்தட்டு அல்ல, இதயத்தையும் தொண்டையையும் கட்டுகிற இடைத்தோற்படையின் பின்முனைதான் என்றது.

சோமைட் இல்லை என்பதில் மட்டும் இவர்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கிறார்கள். மரபணுவும் அதையே சொல்கிறது. பேக்ஸ்3 இல்லாத எலியில் கைத்தசை இல்லை, ட்ரபீசியஸ் இருக்கிறது. டிபிஎக்ஸ்1 இல்லாத எலியில் நேர்மாறு: கைத்தசை இருக்கிறது, ட்ரபீசியஸ் உருவாவதில்லை. மனிதரில் 22ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இழந்து பிறக்கும் டிஜோர்ஜ் நோயில், அந்தத் துண்டுக்குள் டிபிஎக்ஸ்1 இருக்கிறது. இதயக் குறையும் தொண்டைக் குறையும் அந்தப் பிள்ளைகளில் ஒன்றாக வருவதன் காரணம் இந்த உறவுதான்.

மீனுக்குத் தோள் இருக்கிறதா?

இருக்கிறது, உங்கள் குசினியிலேயே பார்க்கலாம். குருநகரில் ஒரு நடுத்தரப் பாரை வாங்குங்கள். வெட்டிக் கொடுக்கவேண்டாம், முழுதாகத் தாருங்கள் என்று சொல்லுங்கள். செவுள்மூடியைத் தூக்கினால் சிவந்த செவுள்கள், அவற்றுக்குப் பின்னால் செவுளறையின் பின்சுவராக ஒரு வளைந்த கெட்டி எலும்பு. விரலால் தடவினால் அரிவாளின் அலகுபோல் மேலிருந்து கீழே இறங்கும். மார்புச்செட்டை அதன் பின்பக்கத்தில்தான் பொருந்தியிருக்கிறது. இந்த எலும்பு கிளீத்ரம். மீனின் தோள் இதுதான்.

இப்போது அதன் மேல்முனையைப் பின்தொடருங்கள். இரண்டு சிறு எலும்புகள் வழியாக அது மண்டையோட்டில் போய்ப் பூட்டியிருக்கும். அதனால்தான் பாரைத் தலையை வெட்டும்போது கத்தி இந்த எலும்பில் முட்டும், அம்மா கத்தியைச் சற்றுப் பின்னுக்குச் சரித்து வெட்டுவார், தலையோடு தோளும் குழம்புக்குப் போகும். தோள் தலையோடு ஒட்டியிருப்பதால் மீனுக்குக் கழுத்து இல்லை. திரும்பிப் பார்க்கவேண்டுமானால் முழு உடம்பையும் திருப்பவேண்டும்.

கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கிடைத்து 2006இல் உலகுக்குச் சொல்லப்பட்ட டிக்டாலிக் என்ற 37.5 கோடி வருடப் பழைய மீனில் அந்தப் பூட்டு விட்டுப்போயிருக்கிறது. தலை தனியாக அசைந்தது. எலும்புப் பூட்டு போன இடத்தில் தலைக்கும் தோளுக்கும் இடையில் தொடர்பாக மிஞ்சியது தசைதான். மீனிலும் தவளையினத்திலும் செவுளுக்குப் பின்னால் உள்ள அந்தத் தசைக்குக் குக்குலாரிஸ் என்று பெயர், துறவியின் தலைமூடி என்ற லத்தீன் சொல்லிலிருந்து. எங்களில் அது இரண்டாகப் பிரிந்து ட்ரபீசியஸும் ஸ்டெர்னோமஸ்டொயிட்டும் ஆயிற்று. 2005 ஆய்வாளர்கள், காணாமற்போன கிளீத்ரத்தின் ஆவி எங்கள் தோள்பட்டை முதுகுவரம்பில் இன்னும் இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். அந்தப் பகுதிதான் பிற்பாடு அதிகம் வாக்குவாதப்பட்டது.

கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு) எடுத்தபிறகு தோள் தொங்கிவிட்டது. அதற்கும் இதற்கும் தொடர்பா?

நேரடித் தொடர்பு. என் மாமா ஒருவருக்குக் காசநோய்ச் சந்தேகத்தில் கழுத்துப் பக்கத்து நெறி ஒன்றை வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். சின்ன வெட்டு, இரண்டு தையல். ஒரு மாதம் கழித்து அசையில் சேட்டைத் தூக்கிப் போட ஏலவில்லை என்றார். சேட்டைக் கழற்றிப் பார்த்தேன்: அந்தப் பக்கத் தோள் ஒரு விரல் அளவு இறங்கி, கழுத்தின் சரிவு குழிவிழுந்து, தோள்பட்டை எலும்பு வெளிப்பக்கமாக நழுவியிருந்தது. தோளைக் குலுக்கச் சொன்னால் ஒரு பக்கம் மட்டும் ஏறியது.

பதினோராவது நரம்பு கழுத்தின் பக்க முக்கோணத்தில் தோலுக்கு மிகக் கிட்ட, நெறிகளின் நடுவே போகிறது. மண்டையோட்டுக்குள் போய்ச் சுற்றிவந்ததன் விலை இது. மற்றத் தோள் நரம்புகள் ஆழத்தில் பத்திரமாக இருக்கின்றன. கழுத்தில் நெறி எடுக்கச் சொன்னால் பயப்படவேண்டாம், தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும். “தோள் நரம்புக்குக் கிட்டவா?” என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே கேளுங்கள். பிறகு கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலாவிட்டால் நாள் கடத்தாமல் திரும்பிப் போய்க் காட்டுங்கள். முற்றாக அறுந்த நரம்பை நேரத்தோடு கண்டால் தைக்க வழியுண்டு.

பிறக்கும்போதே ஒரு தோள் உயர்ந்திருந்தால்?

தோள்பட்டை எலும்பு முதலில் கழுத்து மட்டத்தில் உருவாகி, மூன்றாம் மாதம் முடிவதற்குள் நெஞ்சின் பின்புறத்துக்கு இறங்கிவிடும். இறங்காமல் நின்றால் அது ஸ்பிரெங்கல் குறை, 1891இல் விவரித்த ஜெர்மன் சத்திரசிகிச்சையாளரின் பெயர். சிலரில் தோள்பட்டைக்கும் கழுத்தெலும்புக்கும் நடுவில் மேலதிகமாக ஓர் எலும்பும் இருக்கும். பெக்டொரலிஸின் ஒரு பகுதி பிறவியிலேயே இல்லாதது போலண்ட் குறை. 1841இல் லண்டனில் உடலைப் பகுத்த அல்பிரட் போலண்ட் என்ற மாணவர் எழுதியது.

குழந்தையின் தலை ஒரு பக்கம் சரிந்து நாடி மறுபக்கம் திரும்பியிருந்தால் அது வேறு. ஸ்டெர்னோமஸ்டொயிட் குறுகியிருப்பது. ஆரம்ப மாதங்களிலேயே இழுவைப் பயிற்சி தொடங்கினால் பெரும்பாலும் சரிவந்துவிடும். “தானாகச் சரியாகும், எண்ணெய் பூசுங்கள்” என்று சொல்லுகிற அப்பம்மாக்களிடம் நான் இன்னும் வாதாடுகிறேன்.

நல்லூரில் சாமி காவுகிறவர்களின் தோள் தடிப்பு பரம்பரையா?

இல்லை. இருபத்தைந்து நாள் திருவிழாவில் தண்டு தாங்கியதால் தோலும் கொழுப்பும் தடிப்பது அது. முளையத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்டு இருக்கிற இடம் ட்ரபீசியஸின் மேல்விளிம்பு என்பது மட்டும் உண்மை.

தமிழில் இதையெல்லாம் படிக்க முடியுமா?

இங்கே படித்திருக்கிறார்கள். 1847இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். உடற்கூற்றியலுக்கு அவர் காலத்துச் சொல் அங்காதிபாதம். அங்கம் ஆதியாகப் பாதம்வரை. தலையில் தொடங்கிக் காலில் முடிகிற அந்த வரிசையில் ட்ரபீசியஸைத் தலையோடு எழுதுவதா தோளோடு எழுதுவதா என்று இன்றைக்கும் நான் குழம்புவேன்.

நானே வீட்டில் இதைத் தொட்டுப் பார்க்கலாமா?

கண்ணாடியின் முன் நில்லுங்கள். வலது உள்ளங்கையை நாடியின் வலது பக்கத்தில் வைத்து, கை தடுக்கத் தடுக்க முகத்தை வலப்பக்கம் திருப்ப முயலுங்கள். இடது கழுத்தில் கயிறாக எழும்புவது ஸ்டெர்னோமஸ்டொயிட். பிறகு ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லி, இரு தோளையும் கையால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தோளைக் காதுவரை தூக்குங்கள். அவருடைய விரலின் கீழே இறுகுவது ட்ரபீசியஸ். வைத்தியர்கள் பதினோராவது நரம்பைச் சோதிப்பதும் இதே முறையில்தான். இரண்டு பக்கமும் ஒரே பலத்தில் இறுகவேண்டும்.